உள்ளீடும் உறையும்

அரசர் தம் வெற்றியைக் கல்லில் பொறித்தனர். வணிகர் தம் ஆதாயத்தை ஏட்டில் குறித்தனர். உழைக்கும் மக்களோ தம் வரலாற்றை எழுதிவைக்க ஓய்வு பெற்றாரல்லர். ஆயினும் அவர்தம் வரலாறு அடியோடு அழிந்துபோகவில்லை. அவர் பேசிய சொல்லிலும், பாடிய தாலாட்டிலும், ஆக்கி உண்ட உணவிலும் அது தங்கியிருக்கிறது. சொல்லையும் பாட்டையும் தொகுத்த அளவுக்கு உணவை எவரும் தொகுத்திலர். நாள்தோறும் உண்டு தீர்க்கப்படும் பொருளுக்கு வரலாறு உண்டு என்று எண்ணத் தோன்றாமையே அதற்குக் காரணம் போலும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் நகருக்குத் தெற்கே உள்ள சுங்கை காடுட் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த பகுதி அது. இன்று துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் அங்கே எழுந்துள்ளன. 2011 ஆம் ஆண்டில் சிரம்பானிலிருந்து மின்தொடர்வண்டிச் சேவையும் அவ்வூருக்கு நீண்டது. இத்தகைய ஊர்களின் வீடுகளில் இப்போது ‘ஏர் பிரையர்’ எனப்படும் காற்றுப் பொரிப்பான் இடம்பெற்றுவிட்டது. மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவே சிவப்பு அவரை, சோளம், தக்காளி, மிளகாய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை வைத்து மடித்து, அக்கருவியில் இட்டு எடுத்து, ‘மெக்சிகோ கறிப்பாப்’ என்று பெயரிட்டு இளையோர் உண்கின்றனர். முதியோர் அதனைக் கண்டு, ‘இஃது எந்த நாட்டுப் பலகாரம்?’ என வியக்கின்றனர்.

வியப்புக்கு இடமுண்டு. ஆனால், அப்பலகாரம் முற்றிலும் அயலானது என்னும் எண்ணத்துக்கு இடமில்லை. அதன் உறையையும் உள்ளீட்டையும் பிரித்து ஆராய்ந்தால், மெக்சிகோ நாடு சுங்கை காடுட்டின் அடுக்களைக்குள் நுழைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும் என்பது புலப்படும். அதனை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அரசரோ வணிகரோ மட்டுமல்லர். பெயர் தெரியாத உழைப்பாளரும் ஆவர் என்பதும் உடன் விளங்கும்.

கவவு என்னும் சொல்

மாவினுள் சுவைப்பொருளை வைத்து மூடும் கலை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய உரியியல், ‘கவவு’ என்னும் சொல்லுக்கு அகத்திடுதல் என்று பொருள் கூறுகிறது. உள்ளே இட்டுச் சூழ்ந்து கொள்வது எதுவோ அது கவவு. சங்க இலக்கியங்களுள் அன்பர் தழுவிக் கொள்ளுதலையும் இச்சொல் குறிக்கும். மதுரைக்காஞ்சியோ அதே சொல்லை மதுரை அங்காடியின் மோதகத்துக்கு ஆள்கிறது. கவவோடு பிடித்த மோதகத்தை விற்போர் இரவின் பிற்பகுதியில் உறங்கிய காட்சியை மாங்குடி மருதனார் தீட்டியுள்ளார். அக்கவவு பருப்பும் தேங்காயும் கூடிய உள்ளீடு என்பது நச்சினார்க்கினியர் உரையால் தெளிவாகும்.

தழுவுதலுக்கும் பலகாரத்தின் உள்ளீட்டுக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி தமிழ். இன்றும் விநாயகர் சதுர்த்தியன்று தோட்டப்புற வீடுகளிலும் நகர வீடுகளிலும் பிடிக்கப்படும் பூரணக் கொழுக்கட்டை அம்மோதகத்தின் வழிவந்ததே. அரிசிமாவு உறை, பருப்பும் தேங்காயும் வெல்லமும் உள்ளீடு, ஆவி அதற்கு அனல். இந்த மூன்றையும் நினைவிற் கொண்டால், அடுத்து வரும் மெக்சிகோவின் கதை எளிதில் விளங்கும்.

சோளமாவும் சுண்ணாம்பு நீரும்

மெக்சிகோவின் பழங்குடி மக்கள் அரிசியை அறியார், கோதுமையையும் அறியார். மக்காச்சோளமே அவர்க்கு உயிருணவு. சோளமாவைப் பிசைந்து, அவரையோ இறைச்சியோ மிளகாயோ உள்ளே வைத்து, சோளக்கதிரின் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைத்தனர். நாவாட் மொழியில் அதற்குத் ‘தமல்லி’ என்று பெயர். இன்று அது ‘தமால்’ என வழங்குகிறது. ஸ்பானியர் படையெடுப்புக்குப் பின் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்னார்டினோ டெ சாகுன் என்னும் துறவி, அந்நாட்டு மக்களின் வாய்மொழியைக் கேட்டுத் தொகுத்த ‘புளோரன்சுச் சுவடி’யில், அங்காடியில் விற்கப்பட்ட தமால் வகைகளைப் பலபடப் பட்டியலிட்டுள்ளார். மதுரை அங்காடியின் மோதகத்தை ஒரு புலவர் பாடி வைத்தார். மெக்சிகோ அங்காடியின் தமாலை ஒரு துறவி எழுதி வைத்தார். எழுதி வைத்தமையால்தான் இரண்டும் இன்று வரலாறாயின.

இங்கே நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. மெக்சிகோ மகளிர் சோளத்தை வெறுமனே அரைத்திலர். சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவிய பின்னரே அரைத்தனர். அதனால் தோல் எளிதில் நீங்கும். மாவு பிசைவதற்கு இணங்கும். அவற்றினும் மேலாக, சோளத்தில் உடலுக்கு எட்டாதவாறு பிணைந்துகிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்து விடுபட்டு உடலிற் சேரும். ஐரோப்பியர் சோளத்தைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். சுண்ணாம்பு நீரின் அறிவை ஏற்றிச் சென்றாரல்லர். அதன் விளைவாக, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், இத்தாலி நாட்டு ஏழை மக்கள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பெலக்ரா என்னும் கொடிய நோய்க்கு ஆளாயினர். தோல் வெடித்து, அறிவு மயங்கி, பலர் மாண்டனர். பொருளை ஏற்றுக்கொண்டு, அப்பொருளைக் கையாண்ட அடுக்களை அறிவைப் புறக்கணித்தால் நேரும் இழப்புக்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுவதில்லை.

கோதுமையின் வரவு

1521 ஆம் ஆண்டு ஆகஸ்டு 13 ஆம் நாள் அஸ்தெக் மக்களின் தலைநகரான தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. வென்றவர்களுடன் கோதுமையும், பாலாடைக்கட்டியும், பன்றிக் கொழுப்பும் அந்நாட்டிற் புகுந்தன. கோதுமை உறைக்குள் உள்ளீடு வைத்து மூடும் ‘எம்பனாடா’ என்னும் பண்டமும் உடன் வந்தது. ரொட்டியால் பொதிதல் என்பது அப்பெயரின் பொருள். 1520 ஆம் ஆண்டில் பார்சலோனாவில் அச்சான கட்டலான் சமையல் நூலொன்றில் எம்பனாடா இடம்பெற்றிருத்தலின், அப்பண்டம் ஸ்பெயினில் முன்னரே வழக்கில் இருந்தமை உறுதி. அதற்குச் சீரகமும் கொத்தமல்லியும் மணமூட்டின. இவ்விரண்டும் ஸ்பானியர் வாயிலாகவே மெக்சிகோவை அடைந்தன. இன்று மெக்சிகோ உணவின் மணம் என்று கருதப்படும் சீரகமும் கொத்தமல்லியும் தமிழர் அஞ்சறைப் பெட்டியில் என்றும் உள்ளவையே.

இதே காலப்பகுதிக்கு முன்பே ஆசியாவிலும் உறைப் பண்டங்கள் பெருவழிகளில் உலவின. பாரசீகத்தில் ‘சம்புசக்’ எனப்பட்ட பண்டம் இந்தியாவில் சமூசா ஆயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் அவையில் விருந்துண்ட இப்னு பதூதா, கொத்திய இறைச்சியும் வாதுமையும் பிஸ்தாவும் வெங்காயமும் வைத்து நெய்யிற் பொரித்த சமூசாவைக் குறிப்பிட்டுள்ளார். அந்தச் சமூசாவில் உருளைக்கிழங்கு இல்லை, மிளகாயும் இல்லை. அவ்விரண்டும் அப்போது கடலுக்கு அப்பால் இருந்தன.

மிளகாய் நடந்த வழி

மிளகாயின் தாயகங்களுள் முதன்மையானது மெக்சிகோ. 1492 ஆம் ஆண்டு கொலம்பசின் கடற்பயணத்துக்குப் பின்னரே அது பிற கண்டங்களுக்குப் பரவியது. 1498 இல் கோழிக்கோட்டை அடைந்து, 1510 இல் கோவாவையும் 1511 இல் மலாக்காவையும் கைப்பற்றிய போர்த்துக்கீசியரின் கப்பல்வழிகளே அதற்குப் பாதையாயின. தமிழர் அப்புதிய காய்க்குத் தாம் அறிந்த மிளகின் பெயரையே சூட்டினர். மிளகுபோல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. அப்பெயர் அதன் பிறப்பிடத்தை மறைத்துவிட்டது. பிறந்த நாள்தொட்டே தமிழ் மண்ணில் இருந்தது போன்ற மயக்கத்தையும் அது தந்தது.

மலாய் மொழியோ அதன் தாய்மொழிப் பெயரையும் காத்துவைத்தது. மலாயில் வழங்கும் ‘சிலி’ என்னும் சொல் நாவாட் மொழியின் ‘சில்லி’ என்பதன் திரிபே. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிறப்புணவு ‘மாசாக் லெமாக் சிலி ஆப்பி’. தேங்காய்ப்பால், மஞ்சள், தீயென எரியும் ஊசிமிளகாய் ஆகியவற்றால் ஆக்கப்படும் குழம்பு அது. மினாங்கபாவ் மரபினரின் அவ்வுணவு அம்மாநிலத்தின் அடையாளமாகவே போற்றப்படுகிறது. அதன் பெயரில், அதன் சுவையில், ஒரு மெக்சிகோச் சொல் அமர்ந்திருக்கிறது. ஆகவே, சுங்கை காடுட்டில் இன்று ஒருவர் ‘மெக்சிகோ’ உணவு சமைக்க முற்பட்டால், அவருடைய வீட்டுக் கொல்லையிலுள்ள மிளகாய்ச் செடி அவருக்கு முன்பே அங்கு வந்து காத்திருக்கிறது எனலாம்.

இந்தப் போக்குவரவு ஒருவழிப் பாதையன்று. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோத் துறைக்கும் பிலிப்பைன்சின் மணிலாத் துறைக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஓடின. தென்னங்கள் இறக்கும் தொழிலைப் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மெக்சிகோவின் கொலிமாப் பகுதிக்குக் கொண்டுசென்றனர். தோட்டத் தமிழர் நன்கறிந்த தென்னங்கள் அங்கே ‘தூபா’ என்னும் பெயரில் இன்றும் பருகப்படுகிறது. புளியும் மெக்சிகோவில் வேரூன்றி, புளிச்சாறு அந்நாட்டவரின் விருப்பப் பானமாகியது. அங்கிருந்து இங்கு வந்தவற்றுள், பாசமெம்பூரிலும் ரோஜாக்கிலும் சேரும் ‘செங்குவாங்’ கிழங்கும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டதே.

பண்டங்கள் மட்டும் ஏற்றப்படவில்லை, மனிதரும் ஏற்றப்பட்டனர். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இந்தியாவிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் பிடிக்கப்பட்டவர் மணிலாச் சந்தையில் விற்கப்பட்டு, அடிமைகளாக மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டனர். எந்த நாட்டவராயினும் அவர் அனைவரையும் ‘சீனர்’ என்றே ஸ்பானியர் அழைத்தனர். இந்தியாவிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டுப் புவெப்லா நகரில் வாழ்ந்து 1688 இல் மறைந்த கத்தரினா டெ சான் உவான் என்னும் பெண்மணி அவருள் புகழ்பெற்றவர். 1672 இல் ஆசியர்களை அடிமைகொள்ளும் வழக்கத்துக்கு ஸ்பானிய அரசு முற்றுப்புள்ளி வைத்தது. ஆசிய உழைப்பாளரைக் கடல்கடந்து கொண்டுசெல்லும் வழக்கம் பின்னர் வேறு வடிவங்களில் தொடர்ந்தது என்பதை மலாயாவின் தோட்டங்கள் அறியும்.

சுரங்கத்திலும் தோட்டத்திலும்

மெக்சிகோவின் இதால்கோ மாநிலத்தில் ரேயல் டெல் மோன்டே என்னும் மலையூர் உள்ளது. அங்குள்ள வெள்ளிச் சுரங்கங்களை மீண்டும் இயக்க 1824 இல் ஓர் ஆங்கிலேயக் குழுமம் முன்வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளரை அது வரவழைத்தது. கனத்த பொறிகளை வெராக்குரூசுக் கடற்கரையிலிருந்து மலைக்கு இழுத்துச் சென்றபோதே, மஞ்சட் காய்ச்சலால் பலர் மடிந்தனர். எஞ்சியோர் தம் ஊர்ப் பண்டமான ‘பேஸ்டி’யைச் சுரங்கத்துக்குள் எடுத்துச் சென்று உண்டனர். மாவுறைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த அப்பண்டம் கையால் பற்றி உண்பதற்கு ஏற்றது, தட்டு வேண்டா, கரண்டி வேண்டா, நெடுநேரம் கெடாது. மெக்சிகோ மக்கள் அதனுள் மிளகாயை வைத்தனர். பின்னர் அவரையையும் தம் நாட்டுக் குழம்பையும் வைத்தனர். ‘பாஸ்தே’ என்று அதற்குப் பெயராயிற்று. இன்று அவ்வூரில் அப்பண்டத்துக்கென ஒரு காட்சியகம் உள்ளது, விழாவும் எடுக்கப்படுகிறது.

இதே கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கவல்லுநர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கும் வந்தனர். பேராக்கின் கோப்பேங் வட்டாரம் அவர்தம் பணியால் பெயர் பெற்றது. சுங்கை ஊஜோங்கிலும் ஈயமே முதற்செல்வம். 1874 இல் அப்பகுதி ஆங்கிலேயர் பாதுகாப்பின்கீழ் வந்தது. 1891 இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைத் தொடர்ந்து காப்பியும், காப்பியைத் தொடர்ந்து ரப்பரும் அம்மண்ணை ஆண்டன.

ரப்பருக்கும் மெக்சிகோவுக்கும் உள்ள உறவு பழமையானது. தோட்டத்து மரம் பிரேசிலுக்குரியதாயினும், வேறொரு மரத்தின் பாலைத் திரட்டிப் பந்து செய்யும் கலையை மெக்சிகோவின் பழங்குடியினர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். ‘ஓல்மெக்’ என்னும் பழம் நாகரிகத்தின் பெயருக்கே ரப்பர் நாட்டார் என்று நாவாட் மொழியில் பொருள். 1876 இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குச் சென்ற விதைகளின் கன்றுகள் 1877 இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றின் வழிவந்த கித்தாக் காடுகளிலேயே தமிழர் பல தலைமுறை வாழ்ந்தனர்.

அவர்தம் உணவை அம்மரத்தின் இயல்பே வகுத்தது. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தின் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் நன்கு ஒழுகும். வெயில் ஏறினால் ஒழுக்குக் குறையும். எனவே இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுமுன், பெண்கள் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஆயக்கொட்டகையில் விட்டு, தூக்குச் சட்டியுடன் நிரைக்குச் செல்ல வேண்டும். மரம் வெட்டி முடிந்த பின்னரே பசியாறல். உட்கார்ந்து உண்ண இடமில்லாத, கை கழுவ நீர் அரிதான அவ்வேளையில், கையிற் பிடித்து உண்ணத்தக்க பண்டத்தின் அருமை தெரியும். கார்ன்வாலின் சுரங்கத்தான், மெக்சிகோவின் சுரங்கத்தான், மலாயாவின் பால்வெட்டாள் ஆகிய மூவர்க்கும் பொதுவான தேவை இது. உறையிட்ட பண்டம் உழைப்பாளரின் பண்டம்.

கறிப்பாப் என்னும் வரலாற்றேடு

மலேசியாவின் கறிப்பாப் எவ்வாறு தோன்றியது என்பது பற்றிப் பல கருத்துகள் உள. சமூசாவிலிருந்து பிறந்தது என்பார் சிலர். பேஸ்டியின் மாற்றுரு என்பார் சிலர். போர்த்துக்கீசியர் பண்டத்தின் வழித்தோன்றல் என்பார் வேறு சிலர். ஒருதாய்ப் பிள்ளை என்று கொள்வதினும், பல தாயர் வளர்த்த பிள்ளை என்று கொள்வதே பொருந்தும். பெயர்களை ஒப்புநோக்கினால் உண்மை துலங்கும். ஏறத்தாழ ஒரே பண்டத்துக்கு மலேசியாவில் ‘கறிப்பாப்’ என்று பெயர். அஃது ஆங்கிலம் தந்தது. இந்தோனேசியாவில் ‘பஸ்தேல்’ என்று பெயர்; அது போர்த்துக்கீசியம் தந்தது. பிலிப்பைன்சில் ‘எம்பனாடா’ என்று பெயர். அது ஸ்பானியம் தந்தது. எந்த நாட்டார் எந்தக் கரையை ஆண்டனர் என்பதைப் பாடநூல் கூறுவதற்கு முன்பே பலகாரத்தின் பெயர் கூறிவிடுகிறது. ‘கறிப்பாப்’ என்னும் பெயரின் முற்பகுதியோ தமிழ்ச் சொல். கறி என்பது ஆங்கிலத்துக்குச் சென்று, பின்னர் ‘பஃப்’ என்னும் சொல்லோடு சேர்ந்து மலாய்க்கு வந்து, தோட்டத் தமிழரிடம் திரும்பிச் சேர்ந்தது. வீட்டைவிட்டுப் போன சொல் வேற்றுடை அணிந்து மீண்டதைப் போன்றது இது.

அதன் உள்ளீடும் அவ்வாறே பல நாட்டு வரலாறு கூறும். உருளைக்கிழங்கு தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையின் கொடை. மிளகாய் மெக்சிகோவின் கொடை. மஞ்சளும் கறிவேப்பிலையும் இந்தியாவின் கொடை. சார்டின் உள்ளீடோ தகர டப்பாவின் கொடை. 1892 இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு பிரெஞ்சுக்காரரின் வணிகம், ‘ஆயாம்’ சின்னத்தால் அந்த டப்பாவை மலாயாவெங்கும் பெயர்பெறச் செய்தது. தமிழர் தாம் கொண்டுவந்த சோமாசியில் பொட்டுக்கடலையும் தேங்காயும் சருக்கரையும் வைத்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வேப் பணிக்கும் எழுத்தர் பணிக்கும் வந்தோர் ‘பட்டிஸ்’ என்னும் பண்டத்தை அறிந்திருந்தனர். ஒரே பிறைவடிவம், அதற்குள் எத்தனை கடல்கள்!

எண்ணெயும் காற்றும்

ரப்பரின் விலை தாழ்ந்தபோது தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. 1917 இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் தொடங்கிய அப்பயிர், 1960களுக்குப் பின் நாடெங்கும் விரைந்து பரவியது. பால் வெட்டிய கைகள் குலை அறுத்தன. அவ்வெண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் பொரித்த பலகாரம் நாள்தோறும் உண்ணும் பொருளாயிற்று. தீபாவளிக்கு மட்டும் எண்ணெய்ச் சட்டி ஏறிய வீட்டில், மாலைதோறும் அது ஏறத் தொடங்கியது.

உழைப்பு மாறியது, உணவு மாறவில்லை. நிரைதோறும் நடந்து, வாளி சுமந்து வாழ்ந்தவரின் பிள்ளைகள் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் அமர்ந்தும் நின்றும் பணியாற்றலாயினர். 2019 ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வளர்ந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. காற்றுப் பொரிப்பான் இத்தகைய வீடுகளில் வரவேற்கப்படுவது வெறும் புதுமை வேட்கையால் அன்று என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பிரெட் வான் டெர் வெய் என்பவர் உருவாக்கிய அக்கருவியைப் பிலிப்ஸ் நிறுவனம் 2010 இல் அறிமுகம் செய்தது. அதன் செயல் எளிது. மேலே ஒரு சூடேற்றும் கம்பி. அதனருகே ஒரு விசிறி. கீழே துளையிட்ட கூடை. வெப்பக்காற்று கூடையைச் சுற்றி விரைந்து சுழன்று, மாவின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தைப் போக்கி, அதனைச் சிவக்கச் செய்யும். எண்ணெய்ச் சட்டியில் அவ்வேலையை எண்ணெய் செய்கிறது. இங்கே காற்று செய்கிறது. காற்று எண்ணெயைப்போல் வெப்பத்தைக் கடத்தாது. ஆதலின் நேரம் கூடும்.

ஆனால், பழைய அறிவு துணை செய்யாவிடின் புதிய கருவி பயன் தராது. எண்ணெயில் பொரிப்பதற்கெனப் பிசைந்த மாவை அப்படியே காற்றில் இட்டால் அது வறண்டு ஓடாகும். கோதுமை மாவில் நெய்யையோ மார்ஜரினையோ முதலில் நன்கு உதிர்த்துக் கலந்து, பின்னரே குளிர்ந்த நீர் தெளித்துப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். அவரையை ஊறவைத்து மெத்தென வேகும்வரை கொதிக்கவிட வேண்டும். அரைகுறையாக வெந்த சிவப்பு அவரை வயிற்றுக்குக் கேடு தரும். வெங்காயம், தக்காளி, மிளகாய், சீரகம் ஆகியவற்றுடன் அதனைச் சேர்த்து நீர் வற்றும்வரை கிளறி, முற்றும் ஆறவிட வேண்டும். சூடான உள்ளீடு ஆவியை எழுப்பி உறையைக் கிழிக்கும். ஈரமான உள்ளீடு அடியை நனைக்கும். மடித்தபின் ஓரத்தை விரலால் கிள்ளிக் கயிறுபோல் திரிக்க வேண்டும். மேலே எண்ணெயை மெல்லப் பூசி, இடைவெளிவிட்டு அடுக்கி, 180 பாகை வெப்பத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வைத்து, இடையில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். இவற்றுள் கடைசிச் செயல் ஒன்றே கருவிக்குரியது. ஏனையவெல்லாம் கொழுக்கட்டையும் சோமாசியும் பிடித்த கைகள் அறிந்தவை. எண்ணெய் குறையினும் உறை மாவுதான் என்பதையும், அளவறிந்து உண்ணல் வேண்டும் என்பதையும் அக்கைகள் அறியும்.

எழுதப்பட வேண்டிய ஏடு

ஒரு பிறைவடிவப் பண்டத்தைப் பிட்டுப் பார்த்தால், மதுரையின் கவவும், மெக்சிகோவின் மிளகாயும், ஸ்பெயினின் கோதுமை உறையும், கார்ன்வால் சுரங்கத்தானின் தேவையும், கித்தாக் காட்டின் விடியலும், செம்பனையின் எண்ணெயும் அடுக்கடுக்காகத் தோன்றுகின்றன. இவ்வடுக்குகளை இணைத்தவர் ஆளுநருமல்லர், துரையுமல்லர். கையில் கிடைத்ததை அகத்திட்டுப் பிள்ளைகளின் பசியாற்றிய பெண்களே அவர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல அழிந்தன, லயங்கள் இருந்த இடத்தில் கூடங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. தோட்டத்தோடு மாரியம்மன் கோயிலும் பள்ளியும் இடம்பெயர்ந்த வரலாறு ஓரளவேனும் பேசப்படுகிறது. அடுக்களையின் வரலாறு அங்ஙனம் பேசப்படவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடையாதபோது மரவள்ளிக்கிழங்கைக் கொண்டு பிள்ளைகளைக் காத்த முறை யாது? தவுக்கே கடையில் பற்று வைத்து வாங்கிய மாவு எத்தனை நாள் வந்தது? மலாய்ப் பெண்ணிடமிருந்து தமிழ்ப்பெண் எதைக் கற்றாள், அவளுக்கு எதைக் கற்பித்தாள்? விடை கூறவல்லார் இன்று எண்பதைக் கடந்தவர்.

ஐரோப்பா சோளத்தை ஏற்றுச் சுண்ணாம்பு நீரை மறந்து துன்புற்றது. சாகுன் துறவி கேட்டு எழுதியமையால் மெக்சிகோவின் அங்காடி இன்றும் வாழ்கிறது. இவ்விரண்டனுள் எது தோட்டத் தமிழர்க்கு நேரும் என்பது தமிழாசிரியர் கையிலும் மாணவர் கையிலும் உள்ளது. விடுமுறையில் ஒரு மாணவர் தம் பாட்டியிடம் அமர்ந்து ஒரு பலகாரத்தின் பக்குவத்தைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவைப்பாராயின், அதுவே ஒரு வரலாற்று ஆவணம். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் அங்ஙனம் எழுதினால், ஒரு வட்டாரத்தின் அடுக்களை வரலாறு உருப்பெறும்.

காற்றுப் பொரிப்பானில் மெக்சிகோ உள்ளீட்டை வைக்கும் பேத்தி, தன் மரபைக் கைவிட்டவள் அல்லள். வந்ததை அகத்திட்டுத் தனதாக்கும் மரபின் தொடர்ச்சியே அவள். அவளுக்கு ஓரம் திரிக்கக் கற்பித்த பாட்டியின் சொற்கள் மட்டும் ஏட்டில் ஏறுமாயின், அத்தொடர்ச்சி அறுபடாது.